ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த முந்தானை

காஞ்சிபுரத்தில் என்னைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இன்னொன்று, அன்றைக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அவர்களுக்கும் பஸ் ஸ்டாண்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்தவர் தறியில் போய் உட்கார்ந்தவன், இன்றைக்குச் சொந்தத் தறிகளும் கடையும் மாடி வீடுமாக இருக்கிறேன் என்றால் சும்மா இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்பேர்ப்பட்ட என்னையே ஒருவர் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார் என்பது விளங்க வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

அவர், கீழே கடையும் வீடுமாக இருக்கிற என் கட்டடத்தின் மாடிப் போர்ஷனில் சில வருஷம் குடியிருந்த அம்மா. ஏதோ ஒரு கல்லூரியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது வேலூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவர் மேப்பு அம்மாதான்.

குடிவந்த அன்றைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. குட்டியானை வண்டியில் சாமான் வந்து இறங்கியது. ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, நாலு பாத்திரம். மீதியெல்லாம் அட்டைப் பெட்டி. சுமந்து வந்த ஆள் மாடிப்படி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாம்மா இது, உள்ள கருங்கல்லா வெச்சிருக்கீங்க?"

"அட்லஸ்பா. பாத்துத் தூக்கு. உள்ள உலகம் இருக்குது."

"ஒலகம் இவ்ளோ கனமா இருந்தா நான் கூலி பேசினதே தப்பும்மா."

என் பேரனிடமும் ஒரு அட்லஸ் உண்டு. அது விசிறிக்கொள்ள வசதியாக மெல்லிசாக இருக்கும். இந்த அம்மாவுடையது ஒவ்வொன்றும் மணைப்பலகை அளவு. நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் ஒரு பக்கத்தில் பல்லவர் நாட்டில் இருந்தது. புரட்டினால் சோழர் நாட்டில். இன்னும் புரட்டினால் விஜயநகரம், அப்புறம் ஆர்க்காட்டு நவாபு, அப்புறம் வெள்ளைக்காரன். ஊர் நகரவில்லை. சுற்றியிருக்கிற எல்லைதான் புடவைக் கரை மாதிரி நிறம் மாறிக்கொண்டே போயிற்று.

"ஒரே ஊருக்கு எதுக்கும்மா இத்தினி படம்?" என்று கேட்டேன்.

"உங்க சின்ன வயசு போட்டோவக் காட்டி, இந்தாளுக்கு மீசை எங்கன்னு கேட்டா இன்னா சொல்வீங்க?"

"அப்ப மொளைக்கலன்னு சொல்வேன்."

"அதேதான். அந்தக் காலத்துல ஒருத்தன் பொறப்பட்டுப் போனான்னா, அவன் போன வழிய அவன் காலத்துப் படத்துலதான் பாக்கணும். இன்னிக்குப் படத்துல பாத்தா அவன் பைத்தியக்காரன் மாதிரி தெரிவான்."

இதுதான் அந்த அம்மா. மொத்தமும் இதுதான். யார் எந்தப் பயணத்தைப் பற்றி வாயைத் திறந்தாலும், "இது எந்தக் காலத்துப் படம்?" என்று ஒரு கேள்வி வரும். பின்னாலேயே அட்லஸும் வரும்.

ஒருமுறை கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி போட்டிருந்ததை நம்பி, அடிக்கோல் வைத்து அளந்து கிளம்பினார். வேறொரு கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் கோபம் அடங்கவில்லை. "வடக்கு எதுன்னு போட வேணாமா? அந்தக் காலத்துல கடல்ல போனவனெல்லாம் இவங்களுக்கு மேல பரவால்ல," என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குப் போனாலும் சாமியைவிட வாசலில் நிற்கிற கைடுகளைத்தான் அதிகம் கவனிப்பார். அங்கே ஒரு கைடு உண்டு. பல்லவர் காலத்தில் இங்கே வந்த சீனத்துச் சாமியாரைப் பற்றி ரொம்ப உருக்கமாகச் சொல்வான். ஒரு நாள் அவன் வெளிநாட்டுக் கூட்டத்திடம் மேற்கே கையை நீட்டி, "அந்த பெங்களூரு ரோடு வழியாத்தான் நடந்தே வந்தாரு," என்று அடித்துவிட்டான். நான் அங்கே இருந்தேன். என்னை வரச் சொல்லியிருந்தார்கள், ஏதோ விழா, மாலை போடுவதற்கு.

மேப்பு அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். நிறுத்தியிருந்த கார் ஒன்றின் முன்பக்கத்தில் அட்லஸை விரித்தார்.

"தம்பி, இங்க வா. அவரு வடக்கேருந்து, கிருஷ்ணா நதிப் பக்கமா எறங்கி வந்தாரு. அப்ப ஏதுப்பா பெங்களூரு?"

"மேடம், நான் பல வருஷமா இப்படித்தான் சொல்லிக்கினு இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

"சீனாக்காரரு வந்து கேக்கமாட்டாருன்னு தைரியமா?"

கூட்டத்தில் ஒருவர் அட்லஸை எட்டிப் பார்த்துவிட்டு, கோடு ஓரிடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "புள்ளின்னா சந்தேகம்னு அர்த்தம். அவரு நேர்ல வந்தாரா, கேள்விப்பட்டு எழுதினாரான்னு சண்டை இருக்குது. நல்ல அட்லஸ் அதை ஒத்துக்கும்," என்றார். என் வாழ்க்கையில் புள்ளிக் கோடே கிடையாது என்று நான் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த கைடு, மேப்பு அம்மா தெருமுனையில் தெரிந்தாலே சீனத்துச் சாமியாரை விட்டுவிட்டு கோயில் மாமரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

என்னையும் விடவில்லை. ஜரிகை வாங்க முதல்முதலாக சூரத்துக்குத் தனியாளாகப் போனவன் நான். இந்தி தெரியாது, கையில் சோற்று மூட்டை. இதை நான் சொன்னால் கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். சம்பளம் கொடுக்கிறேனே.

"காஞ்சிபுரத்துல ரயில் ஏறினேன், சூரத்துல எறங்கினேன்!" என்றேன்.

மேப்பு அம்மா கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப இங்க மீட்டர் கேஜ் லைன்தான முதலாளி? அரக்கோணத்துல மாறாம எப்படிப் போனீங்க?"

"மாறினேன். மாறினதையெல்லாம் யாராவது சொல்லிக்கினு இருப்பாங்களா?"

"சொல்லணும். எங்க மாறினான், எங்க காத்திருந்தான், அதுலதான பயணமே இருக்குது."

பிறகு மேலே போய் ரயில்பாதைப் படம் போட்ட பக்கத்தைக் கொண்டுவந்து, பென்சிலால் என் வழியைக் கோடு போட்டார். அரக்கோணத்தில் ஒரு சின்ன வட்டம். அங்கே நான் ஒரு பகல் முழுக்க அடுத்த வண்டிக்குக் காத்துக் கிடந்ததையும் கேட்டு வாங்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உள்ளே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கப்பலில் உலகம் சுற்றியவர்களோடு ஒரே புத்தகத்தில் நானும் இருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கல்யாணப் புடவை வந்தது.

எங்கள் ஊர்ப் பெண்தான். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருக்கிறாள். பெண் கடலில் வேலைக்குப் போகிறாள் என்று அவள் அம்மாவுக்கு எப்போதும் பயம். ஒவ்வொரு முறை அவள் கப்பல் ஏறும்போதும் ஒவ்வொரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, கடைசியில் எந்தக் கோயிலுக்கு என்ன வேண்டினோம் என்பதே குழம்பிப்போனவர். அம்மாவும் பெண்ணும் கடைக்கு வந்தார்கள்.

"தாத்தா, முந்தியில அன்னம், மயில்லாம் வேணாம்," என்றாள் பெண். "போர்த்துகல்லேருந்து மொத மொத நம்ம பக்கம் கப்பல் வந்துச்சு பாருங்க, அந்த வழி வேணும். மேப்பும் கப்பலும். என்னோட மொத டிரிப்பும் ஆப்பிரிக்கா முனையச் சுத்தித்தான்."

"ஏன்டி, கல்யாணத்தன்னிக்காவது தரையில இருக்கக்கூடாதா?" என்றார் அம்மா.

"என்னால முடியாத முந்தானை இன்னும் பொறக்கலம்மா," என்று நான் ஒப்புக்கொண்டேன். முகூர்த்தத்துக்குச் சரியாக நாள் இருந்தது. ஒரு தறியில் ஒரு புடவை, அவ்வளவுதான். தப்பினால் இன்னொன்று நெய்ய நாள் கிடையாது.

எங்கள் டிசைன்காரர் சேகர் கம்ப்யூட்டரில் படம் போட்டார். போனில் இருக்கிற மேப்பைப் பார்த்துப் போர்த்துகல்லில் இருந்து நேராக நம் கரைக்கு அழகாக ஒரு கோடு இழுத்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெருமையாக மாடிக்கு எடுத்துப் போனேன். அதுதான் வினை.

மேப்பு அம்மா காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"கப்பல் சூயஸ் கால்வாய்ல வந்துக்கினு இருக்குது."

"வரட்டுமே. கிட்டத்து வழிதான?"

"அந்தக் கால்வாய அப்ப வெட்டவே இல்ல முதலாளி! அது தரை! உங்க கப்பல் மணல்ல ஓடுது!"

அட்லஸ் வந்தது. அந்தக் காலத்துப் பக்கத்தில் அந்த இடம் தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. சேகரைக் கூப்பிட்டேன். அவருக்கு வியர்த்துவிட்டது. "போன்ல நீலமா இருந்துச்சும்மா," என்றார்.

"போன்ல இன்னிக்குக் கடல் இருக்குது. அவன் போனது அன்னிக்குக் கடல்ல. இங்க வழி இல்லங்கறதாலதான அவன் அவ்ளோ பெரிய ஆப்பிரிக்காவச் சுத்தினான்? இந்தக் கோட்டப் போட்டா அவன் பட்ட பாடே இல்லாமப் போயிடும். அந்தப் பொண்ணு சுத்தின முனையும் இல்லாமப் போயிடும்."

சரி, சுற்றட்டும் என்றேன். சேகர் ஆப்பிரிக்காக் கரையை ஒட்டிக் கோடு போட்டார். அதற்கும் மேப்பு அம்மா கூடாது என்று தலையாட்டினார்.

"கரைய ஒட்டிப் போகல. இப்படி மேற்கே, நடுக்கடலுக்குள்ள பெரிசா வளைஞ்சு போய்த்தான் திரும்பினான். இந்தப் பக்கத்துல காத்து அடிக்கிற தெசைக்கு அம்பு போட்டிருக்குது பாருங்க."

"அவ்ளோ தூரம் தள்ளி எதுக்கும்மா போனான்?"

"காத்துக்கு."

"அவன் காத்துக்குப் போனான், என் ஜரிகை இல்ல போவுது!"

ஆனாலும் போட்டோம். வளைந்த கோடு வந்ததும் சேகர்கூட, "அழகாத்தான் இருக்குது முதலாளி, மாங்கா மாதிரி," என்றார். அப்படியொரு வளைவு வரும் என்று எனக்கு முதலிலேயே தோன்றியதுதான்.

நெய்தவர் ஏகாம்பரம். வேலை சுத்தம், வாய் கிடையாது. எங்கள் தறிகளில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவர் பார்ப்பது பின்பக்கத்தை. மேப்பு அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் கையில் டார்ச்சோடு தறிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

"எம்மா, எம்மா! உள்ள காலு மெதிக்கிற பள்ளம் இருக்குது, வெளிய வாங்க!" என்று ஏகாம்பரம் பதறினார்.

"இருப்பா, ஆப்பிரிக்கா முடியட்டும்."

மல்லாக்கப் படுத்தபடியே கரை கரையாகப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் பஞ்சும் தூசியுமாக வெளியே வந்தார். "சுத்தமா இருக்குது. ஒரு தப்பு இல்ல," என்றார். அந்த அம்மா வாயால் ஒரு படத்துக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கே சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

புடவை தறியிலிருந்து அறுத்து வந்தது. அம்மாவும் பெண்ணும் வாங்க வருகிற நாள். காலையில் என் வீட்டுக்காரி சாமி முன்னால் வைத்து எடுத்து, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.

"நல்லா இருக்குதா?"

நான் பார்த்தேன். புடவையைப் பார்க்க இறங்கி வந்திருந்த மேப்பு அம்மா முந்திக்கொண்டார்.

"கப்பல் கவுந்து கெடக்குது."

அடிப்பக்கம் மேலேயும் பாய்மரம் கீழேயுமாக எல்லாக் கப்பலும் தலைகீழாகத் தொங்கின. ஆப்பிரிக்கா முனை தோள்பக்கம் ஏறியிருந்தது. போர்த்துகல் குஞ்சத்தோடு ஊசலாடியது.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் பெரும்பாலான தறியில் புடவையின் உடலை நெய்துவிட்டுக் கடைசியில் முந்தானை வரும். சேகர் அந்தக் கணக்கில் படம் போட்டிருந்தார். ஏகாம்பரம் வீட்டில் மட்டும் அவர் அப்பா நாளில் இருந்து முந்தானையில்தான் தொடங்குவார்கள். அதில் தொடங்கினால் புடவை தடங்கலில்லாமல் முடியுமாம். அப்படி நெய்தால் சேகர் போட்ட படம் கவிழ்ந்துதான் விழும். அவர் வழக்கமாக நெய்கிற கட்டமும் ருத்திராட்சமும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான், அதனால் இத்தனை வருஷமும் யாருக்கும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நெய்த முந்தானை முதலிலேயே உருளையில் சுற்றி உள்ளே போய்விட்டது.

"நான் பாத்தேனே," என்றார் மேப்பு அம்மா. "படுத்துக்கினு பாத்தேன். எது மேல, எது கீழன்னு அங்க எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க. மடிச்சுக் குடுத்துடறேன்."

"தப்பான படத்தக் குடுத்துட்டு எப்படி முதலாளி சும்மா இருக்கறது? அதுவும் நான் சரின்னு சொன்ன படம்."

அவர் மாடிக்கு ஏறினார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

நான் மடித்தே நீட்டினேன். வெளிச்சம் சரியில்லை, வீட்டில் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். பெண் கேட்கவில்லை. சுடிதாரின் மேலேயே முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் அம்மா பின்னால் இருந்து பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடலுக்குப் போற பொண்ணு. முந்தியில கப்பல் கவுந்து கெடக்குது. இத எப்படிங்க கட்டி மணையில ஒக்கார வெக்கறது?"

"இவரு வேணும்னு செய்யல," என்று படியிறங்கி வந்தார் மேப்பு அம்மா, மார்போடு அணைத்த அட்லஸோடு. "தப்புதான். நானும்தான் பாத்து விட்டுட்டேன். ஆனா இந்தப் பக்கத்தப் பாருங்கம்மா. பழைய அரபிக்காரங்க போட்ட படம். இதுல தெற்குதான் மேல இருக்குது. வடக்கு மேலதான் இருக்கணும்னு அப்ப சட்டம் கெடையாது. அவங்க இதை வெச்சே ஊரூரா அலைஞ்சாங்க, கப்பலும் ஓட்டினாங்க."

"நாங்க அரபிக்காரங்களாம்மா?"

மேப்பு அம்மா அட்லஸை மெதுவாக மூடினார். அந்த அம்மா நின்ற நிலை எனக்குச் சகிக்கவில்லை. விஷயம் கேட்டு ஏகாம்பரத்தோடு ஓடி வந்திருந்த சேகரைத் திட்டினேன். சேகர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரிதான் நிலைமையை உணர்ந்து, புடவையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வந்த சுமங்கலியையும் பெண்ணையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தாம்பூலத் தட்டோடு வந்தாள். எங்கள் பக்கத்தில் தாம்பூலத்தைக் கையில் வாங்கமாட்டார்கள். முந்தானையை முன்னால் இழுத்து, இரண்டு கையாலும் ஏந்தித்தான் வாங்குவார்கள்.

பெண் பழக்கத்தில் முந்தானையை இழுத்து ஏந்தினாள். குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"அம்மா, இங்க வா. எம்பக்கம் வந்து நில்லு."

"இன்னாடி?"

"எனக்கு நேரா இருக்குதும்மா."

அவர் எழுந்து போய் மகளின் தோளோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார். போர்த்துகல் அந்தக் கோடியில். ஆப்பிரிக்கா நிமிர்ந்து நின்றது. கப்பல்கள் பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு வளைந்து வந்துகொண்டிருந்தன. மேப்பு அம்மா எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"பாக்கறவங்களுக்குத் தலகீழாத் தெரியுமேடி," என்றார் அம்மா. ஆனால் குரலில் முன்பிருந்த பயம் இல்லை.

"வழி போறவளுக்குத்தானம்மா படம். பாக்கறவங்களுக்கு இன்னாத்துக்கு?"

அம்மா ஒவ்வொரு கப்பலாக விரலால் தொட்டுப் பார்த்தார், பாய்மரம் மேலேதான் இருக்கிறதா என்று. பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்து, "குடுங்கம்மா, நல்ல நேரம் போறதுக்குள்ள," என்றார். இது நடக்கும் என்றுதான் நான் முதலிலிருந்தே பதறாமல் இருந்தேன்.

வெற்றிலை பாக்கு விழுந்தது. மஞ்சள் விழுந்தது. தேங்காயை என் வீட்டுக்காரி நடுவில் வைத்தாள். அது உருண்டு போய், மிகச் சரியாக ஆப்பிரிக்காவின் தென்முனைக் கடலில் உட்கார்ந்தது.

"ஐயோ, அங்க வெக்காதீங்க!" என்றார் மேப்பு அம்மா.

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் கையை நீட்டித் தேங்காயை எடுத்தார். நிதானமாகத் தரைப் பக்கம், பாலைவனத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

"கப்பல் போற வழிம்மா, அது," என்றார்.